தக்சினா, டோனியா? தாய்லாந்தின் பெயர்க் கூத்து: கேள்வி பதில்

பாங்காக்கில் சீலோம் பக்கம் ரத்தினக்கல் வியாபாரத்தில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். அதனால் தாய்லாந்து அரசியல் என்று எது வந்தாலும் கேள்வி என் தலையில்தான் விழும். முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ரா நாட்டை விட்டு வெளியே இருந்தபோது ‘டோனி வுட்சம்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். அது ஏன், ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

செந்தில், திருச்சி: மணி அண்ணா, முதலில் இவர் யார், ஏன் வெளிநாட்டில் இருந்தார் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1949-ல் சியாங் மாய் பக்கம் சான் காம்பேங்கில் பிறந்தவர். போலீஸ் அதிகாரியாக இருந்து, பிறகு கைபேசித் தொழிலில் பெரும் பணக்காரராகி, 2001-ல் பிரதமரானார். 30 பாட் கொடுத்தால் ஆஸ்பத்திரி, கிராமத்துக்குப் பத்து லட்சம் பாட் கடன் நிதி. வடக்கிலும் வடகிழக்கிலும் இன்றும் அவரை நினைக்க வைப்பது இவைதான். 2006 செப்டம்பர் 19 இரவு, அவர் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2008 பிப்ரவரியில் திரும்பி வந்து, விமான நிலைய வாசலில் நெற்றி தரையில் பட விழுந்து வணங்கினார். அதே ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் பார்க்கப் போனவர் திரும்பவில்லை. மனைவி அரசு அமைப்பிடம் நிலம் வாங்கிய வழக்கில் அக்டோபரில் அவருக்கு இரண்டாண்டு சிறை விதித்தார்கள். அப்புறம் பெரும்பாலும் துபாய் வாசம். 2023 ஆகஸ்ட் 22-ல்தான் மறுபடி ஊர் மண்ணை மிதித்தார்.

நித்யா, சென்னை: ‘டோனி வுட்சம்’ எங்கிருந்து வந்தது சார்?

2021 பிப்ரவரி. கிளப்ஹவுஸ் என்ற குரல் அரட்டைச் செயலி பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த மாதம், ஞாபகம் இருக்கும். பிப்ரவரி 22 இரவு அங்கே ஒரு அறை திறந்தார்கள். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘தாய் ராக் தாய் காலத்தில் பிறந்திருந்தவங்க எல்லாம் இங்க வந்து குவியுங்க’ என்பது மாதிரி. தாய் ராக் தாய் என்பது தக்சின் ஆரம்பித்து, 2007-ல் நீதிமன்றம் கலைத்த கட்சி. பழைய கட்சிக்காரர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்க, நடுவில் ‘டோனி வுட்சம்’ என்று ஒரு பெயர் மேடைக்கு ஏறியது. குரல் வந்ததும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

என் அலுவலகத்தில் கணக்கு பார்த்த பெண் மறுநாள் கண் சிவந்து வந்தாள். நடு ராத்திரி வரை ஒரு காதில் இயர்போனோடு கேட்டாளாம். அவளுடைய அப்பா 2006-ல் மஞ்சள் சட்டை போட்டு தக்சினுக்கு எதிராகத் தெருவில் நின்றவர். “அப்பா அடுத்த அறையில் தூங்கினார், அதனால்தான் இயர்போன்” என்றாள்.

அதே நித்யா: ஒளிவதற்காகவா பெயர் மாற்றினார்?

குரலைக் கேட்டதும் நாட்டுக்கே தெரிந்துவிடும் ஆள் எங்கே ஒளிவது? என் கணிப்பு வேறு. ‘தக்சின்’ என்று சொன்னாலே கேட்பவர் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். பதினைந்து வருடச் சண்டை, 2010-ல் அவருடைய ஆதரவாளர்களின் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியபோது விழுந்த தொண்ணூறுக்கும் மேற்பட்ட பிணங்கள், இரண்டு ராணுவப் புரட்சி, எல்லாம் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டு வரும். ‘டோனி’யில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. இருபது வயதுப் பையன் டோனியிடம் கேள்வி கேட்கலாம், கிண்டல் செய்யலாம். முகமூடி என்று எல்லோருக்கும் தெரிந்த முகமூடி அது. கூத்தில் வேடம் கட்டியவரைப் பார்த்து ‘இது நம்ம தெரு முருகேசன்’ என்று யாரும் எழுந்து கத்துவதில்லையே, அப்படி.

இன்னொன்றும் உண்டு. அப்போது கிளப்ஹவுஸ் ஐபோனில் மட்டும்தான். தக்சினை ஆதரிக்கும் கிராமத்துச் செஞ்சட்டைக்காரர் கையில் இருந்ததோ பெரும்பாலும் மலிவு விலை ஆண்ட்ராய்டு. டோனி பேச வந்தது அவர்களிடம் இல்லை, நகரத்துப் பிள்ளைகளிடம். ஊர்க்காரர்களுக்கு அவர் பழையபடி தக்சின்தான்.

இளங்கோ, மதுரை: இதற்கு முன்னாலும் ஒரு புதுப் பெயர் வைத்தாராமே?

‘தக்கி ஷினேக்ரா’. 2009-ல் செய்திகளில் அடிபட்ட பெயர். தாய்லாந்து அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்த வருடம் அது. நிகரகுவா சிறப்புத் தூதர் அந்தஸ்து தந்தது, மாண்டினீக்ரோ குடியுரிமை தந்தது, கம்போடியா பொருளாதார ஆலோசகர் பதவி தந்தது. ‘ஷினேக்ரா’வில் ஷினவத்ராவின் தலையும் மாண்டினீக்ரோவின் வாலும் எனக்குக் கேட்கிறது. அது என் காதின் கோளாறாகவும் இருக்கலாம்.

அந்தப் பெயர் எடுபடவில்லை. தாய்லாந்துப் பேச்சில் ‘தக்கி’ என்று ஒலிக்கும் சொல்லுக்கு ‘இப்போ, கொஞ்சம் முன்னாடி’ என்று அர்த்தம். ‘இப்பத்தான் ஷினேக்ரா’ என்று ஒருவர் பெயர் வைத்துக்கொண்டு வந்தால் நீங்கள் சிரிக்க மாட்டீர்களா?

பாத்திமா, கொழும்பு: தாய்லாந்தில் பெயர் மாற்றுவது பெரிய விஷயமா? நம்மிடம் என்றால் கெசட்டில் போடுவது வரை அலைய வேண்டும்.

நல்ல கேள்வி தங்கச்சி, மற்ற எல்லாவற்றுக்கும் சாவி இதுதான். அங்கே பெயர் மாற்றுவது ரொம்ப சாதாரணம். உடம்பு சரியில்லையா, வியாபாரம் படுத்துவிட்டதா, கல்யாணம் தள்ளிப்போகிறதா? ஜோசியரிடமோ புத்த பிக்குவிடமோ போவார்கள். பிறந்த கிழமையைப் பார்த்து, அந்தக் கிழமைக்கு ஆகாத எழுத்து பெயரில் இருக்கிறது என்பார். அந்த எழுத்துகளுக்கு அங்கே ‘காலகிணி’ என்று பெயர். எழுத்தை எடுத்துவிட்டுப் புதுப் பெயரை எழுதித் தருவார். மாவட்ட அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டினால் சான்றிதழ் கையில். மேலே சொன்ன கணக்குப் பெண்ணே இரண்டு முறை மாற்றினாள். இரண்டாவது முறை வங்கிக் கணக்கில் பழைய பெயரை மாற்ற மறந்து, அந்த மாதச் சம்பளம் நான்கு நாள் அந்தரத்தில் நின்றது.

குடும்பப் பெயர்ச் சங்கதி இன்னும் சுவாரசியம். 1913-ல் ஆறாம் ராமா மன்னர் சட்டம் போடும் வரை சாதாரண ஜனத்துக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இப்போது புதிதாக ஒன்று பதிவு செய்தால், வேறு குடும்பத்துக்கு ஏற்கெனவே இருக்கும் பெயராக இருக்கக் கூடாது, பத்து மெய்யெழுத்தையும் தாண்டக் கூடாது. சீன வம்சாவளியினர் கடைசியாக வந்து கேட்டவர்கள், அதனால் அவர்களுடைய பெயர்கள் நீளமாகிவிட்டன. ஷினவத்ரா குடும்பமும் அப்படித்தான். ஹக்கா சீனர்கள், ‘சே கூ’ என்பது பழைய குலப் பெயர். 1938-ல், சீனர்களுக்கு எதிரான காற்று வீசிய நேரத்தில், ‘ஷினவத்ரா’ என்று மாற்றிக்கொண்டார்கள். பெயரைக் கழற்றி மாட்டுவது அந்த வீட்டுக்குப் பழக்கம்தான்.

அதனால் ‘ஒரு மனுஷன் எப்படிப் பெயரை மாற்றலாம்’ என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ‘இதை நாம் வாயில் வைக்கலாமா வேண்டாமா’ என்பதுதான் பேச்சாக இருந்தது.

ராஜேஷ், கோவை: சரி, வாயில் வைத்தார்களா?

வைத்தார்கள், அதுவும் உறவு முறையோடு. ‘பீ டோனி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ‘பீ’ என்றால் அண்ணன் அல்லது அக்கா. (தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று எனக்கும் தெரியும், முதல் வாரம் நான் பட்ட பாடு வேண்டாம்.)

இதில்தான் வேடிக்கை. அப்போது பிரதமராக இருந்தவர், 2014-ல் புரட்சி செய்த ராணுவத் தளபதி பிரயுத். அவருடைய செல்லப் பெயர் தூ, ஊர் அவரைக் கூப்பிட்டது ‘லுங் தூ’. லுங் என்றால் பெரியப்பா, பெரிய மாமா வயதுக்காரர். பிரயுத் பிறந்தது 1954-ல். தக்சின் அவரைவிட ஐந்து வயது மூத்தவர். மூத்தவர் ‘அண்ணன்’, இளையவர் ‘பெரியப்பா’! கருத்துக்கணிப்பு எதுவும் வேண்டாம், அந்த வருடம் இளைஞர்கள் மனசு எங்கே இருந்தது என்பதற்கு இந்த இரண்டு சொல் போதும். இதற்காக அவர்கள் டோனிக்கு ஓட்டுப் போடும் பிள்ளைகளாகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2023 தேர்தலில் முதலிடம் வந்தது அவருடைய கட்சி இல்லை, மூவ் ஃபார்வர்ட்.

அரசாங்கமும் சும்மா இல்லை. அந்த மாதமே கிளப்ஹவுஸைத் தவறாகப் பயன்படுத்தினால் நடவடிக்கை என்று டிஜிட்டல் அமைச்சர் எச்சரித்தார்.

இளங்கோ, மதுரை: எதிர்ப்பாளர்கள் என்ன பெயர் வைத்தார்கள்?

அவர்களிடம் ஏற்கெனவே கைவசம் நிறைய. தக்சினுடைய வீட்டுச் செல்லப் பெயர் ‘மேவ்’. தொனியை மாற்றினால் அதுவே பூனை, மாற்றாமல் சொன்னால் ஹ்மாங் மலைவாழ் மக்களை இளக்காரமாகச் சொல்லும் சொல். அதன் முன்னால் ‘ஐ’ போட்டால் நம் ‘டேய், அந்தப் பய’ மாதிரி. இன்னொன்று ‘நா லியம்’, சதுர முகத்தான். லியம் என்றால் மூலை, கோணம். தந்திரம் என்றும் பொருள் வரும். ஒரே சொல்லில் முகத்தையும் குணத்தையும் திட்டிவிடலாம். டோனி வந்ததும் இவர்கள் சொன்னது: தண்டனைக்குத் தப்பி ஓடியவர் தப்பி ஓடியவர்தான், பெயர் எதுவானால் என்ன?

ஜீவா, யாழ்ப்பாணம்: அந்தக் கிளப்ஹவுஸில் எல்லோரும் கொஞ்சிக்கொண்டா இருந்தார்கள்? யாரும் கடினமாகக் கேட்கவில்லையா?

கேட்டார்கள். தாக் பாய் பற்றிக் கேட்டார்கள். 2004 அக்டோபர் 25, தெற்கே நராதிவாட் மாகாணம். ஆர்ப்பாட்டம் செய்த மலாய் முஸ்லிம்களைக் கைகளைப் பின்னால் கட்டி, ராணுவ லாரிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி ஏற்றினார்கள். மூச்சு முட்டி 78 பேர், அதற்கு முன் சுடப்பட்டு 7 பேர். தக்சின் ஆட்சியில் நடந்தது. டோனி சொன்ன பதிலின் சாரம்: அது ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது, சரியாக நினைவில்லை, வருந்துகிறேன்.

அந்த இடத்தில் டோனி மறைந்து தக்சின் வந்துவிட்டார். மறுநாள் கணக்குப் பெண்ணும் இதைத்தான் சொன்னாள்: “அது வரை சிரித்துக்கொண்டிருந்தேன், அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.” சமூக ஊடகத்தில் ‘நினைவில்லை’ என்ற சொல்லை வைத்தே அவரை வறுத்தெடுத்தார்கள். 2003-ல் போதைப்பொருள் வேட்டை என்ற பெயரில் மூன்றே மாதத்தில் 2,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டதையும் திரும்பப் பேச ஆரம்பித்தார்கள். தாக் பாய் சாவுகளுக்காக அவர் தெற்கே நேரில் போய் மன்னிப்புக் கேட்டது 2025 பிப்ரவரியில். வழக்கின் காலக்கெடு 2024 அக்டோபரிலேயே முடிந்திருந்தது.

கவிதா, ஈரோடு: ‘தக்சின்’ என்றால் என்ன அர்த்தம்?

தட்சிணம்தான். தெற்கு. வடக்கத்திக்காரருக்குத் தெற்கு என்று பெயர், ஓட்டும் தெற்கில் கிடைக்காது! 18-ஆம் நூற்றாண்டு மன்னர் தக்சின் வேறு. காதுக்கு ஒன்றுபோல இருந்தாலும் எழுத்து வேறு, அவர் பெயரில் முதலில் வருவது தாக் என்ற ஊர். மறுபிறவி என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

ராஜேஷ், கோவை: யாராவது அவர் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்களா?

வைத்துக்கொண்டார்கள். 2019 தேர்தலில் அவர் சார்புச் சிறு கட்சியான புவா சார்ட்டின் வேட்பாளர்கள் பத்துப் பேருக்கு மேல் சட்டப்படி பெயர் மாற்றினார்கள். ஆண்கள் ‘தக்சின்’, பெண்கள் அவருடைய தங்கை பெயரான ‘யிங்லக்’. அங்கே ஆளைச் சொல்வது முதல் பெயரால்தான், குடும்பப் பெயரால் இல்லை. அதனால் சுவரொட்டியில் ‘தக்சின்’ என்று பெரிதாகப் போட்டுவிடலாம். அசல் ஆள் துபாயில் பெயரைத் தேடிக்கொண்டிருக்க, ஊரில் அவர் பெயரில் ஒரு பட்டாளம்.

மான்செஸ்டர் சிட்டி என்ற இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பை அவர் 2007-ல் வாங்கியபோது அந்த ரசிகர்கள் வைத்த பெயரையும் கேட்டிருந்தீர்கள். ‘ஃபிராங்க்’. ஷினவத்ரா வாயில் நுழையாமல் சினாட்ராவாகி, பாடகர் ஃபிராங்க் சினாட்ராவாகிவிட்டது. ஒரே வருடத்தில் விற்றுவிட்டார்.

ஜீவா, யாழ்ப்பாணம்: திரும்பி வந்த பிறகு என்ன பெயர்?

வெளிநாட்டில் இருந்தபோது வேறு வழக்குகளில் விதித்திருந்த எட்டு வருடத் தண்டனை அரச கருணையில் ஒரு வருடமானது. அதையும் சிறையில் கழிக்காமல் போலீஸ் மருத்துவமனையின் 14-ஆம் மாடியில் கழித்தார். உடனே ‘சான் 14’ என்பதே அவர் பெயர் மாதிரி ஆகிவிட்டது. சான் என்றால் மாடி. 2025 செப்டம்பர் 9-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருத்துவமனை நாட்கள் கணக்கில் வராது என்று சொல்லி, ஒரு வருடம் சிறைக்கு அனுப்பியது. பழைய ஆதரவாளர்களில் சிலருக்கு 2023-லேயே மனசு விட்டுப்போயிருந்தது. 2010-ல் தங்களைச் சுட்ட ராணுவத் தரப்போடு கைகோத்து வந்தார் என்ற கோபம். அவர்கள் டோனி என்றும் சொல்வதில்லை, மேவ் என்றும் சொல்வதில்லை. ‘அவர்’ என்கிறார்கள்.

கவிதா, ஈரோடு: உங்களை அங்கே என்ன பெயரில் கூப்பிட்டார்கள் அண்ணா?

முழுப் பெயர் சுப்பிரமணியன். முதல் நாளே கைவிட்டுவிட்டார்கள். மணி என்று சுருக்கினேன். தாய்லாந்து மொழியிலும் ‘மணீ’ என்றால் ரத்தினம்தான், கல் வியாபாரிக்கு இதைவிட விளம்பரப் பலகை வேண்டுமா? ஆனால் அது அங்கே பெண் பெயராம். முதன்முதலாக என்னைப் பார்க்க வந்த வியாபாரி ஒரு பூங்கொத்தோடு வந்து நின்றார்.