வாசகர் கேள்வி–பதில்: ஒளிவிழாவில் பாலன் எங்கே?

கேள்வி: எனது மகள் படிக்கும் முன்பள்ளியில் நத்தாரை (கிறிஸ்மஸை) ஒட்டி நடந்த ஒளிவிழாவுக்குச் சென்றிருந்தேன். நத்தார் தாத்தா இனிப்புக் கொடுத்தார், பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள், கேக் வெட்டினார்கள். பாலன் குடில் இருக்கவில்லை. இயேசு என்ற பெயர்கூட ஒரு தடவையும் வரவில்லை. கேட்டபோது, “சைவப் பிள்ளைகளும் இருக்கினம், அதனால் பொதுவாகச் செய்தோம்” என்றார்கள். நான் மனவருத்தப்படுவது பிழையா?
– ஒரு தாய், குருநகர்

பதில்: பிழையில்லை. ஆனால் அந்த ஆசிரியைகளைக் குறைசொல்வதற்கு முன், அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மதமாற்றம் என்ற பேச்சு எழுந்துவிட்டால் பெற்றோர் பிள்ளைகளை மறித்துவிடுவார்கள் என்ற பயம் இன்று பல முன்பள்ளிகளில் இருக்கிறது. அந்தப் பயத்தில் மிக இலகுவான வழியைத் தேர்ந்திருக்கிறார்கள்: விழாவை வைத்துக்கொண்டு, விழாவுக்கு உரியவரை வெளியே விட்டுவிட்டார்கள்.

அதே முன்பள்ளியில் நவராத்திரி காலத்தில் வாணி விழாவும் நடந்திருக்கும். சரஸ்வதி படத்துக்கு மாலை சூட்டி, கும்பம் வைத்து, தோத்திரம் பாடி, அவலும் கடலையும் பகிர்ந்திருப்பார்கள். உங்கள் மகளும் கைநிறைய வாங்கித் தின்றிருப்பாள். கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதற்காகச் சரஸ்வதி படத்தை எடுத்துவிட்டு, பொதுவாக ஒரு புத்தகப் படத்தை வைப்போம் என்று எவரும் சொல்வதில்லை. சொன்னால் நாமே சிரிப்போம். ஒருவரின் பண்டிகையை அவருடைய நம்பிக்கையோடு சேர்த்தே மதிக்கும் பழக்கம் யாழ்ப்பாணத்தில் ஏற்கனவே இருக்கிறது. வாணி விழாவுக்குக் காட்டும் அந்த மரியாதையையே ஒளிவிழாவுக்கும் கேட்கிறோம்.

கதையைச் சொல்வது வேறு, பிள்ளையைச் செபம் சொல்ல வைப்பது வேறு. சைவ வீட்டுப் பிள்ளையைச் சிலுவை அடையாளம் போட வைத்தால், அதன் பெற்றோர் கோபப்படுவதில் நியாயம் உண்டு. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்யும் மதச் சுதந்திரம் அந்தப் பிள்ளைக்கும் உரியது. ஆனால் சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு கர்ப்பிணி, தன் பிள்ளையைப் பெற்றுத் தீவனத் தொட்டியில் கிடத்தினாள் என்ற கதையை மேடையில் நடிப்பதால் எவருடைய சமயமும் குறைந்துவிடாது. தலையில் துவாய் கட்டி, கையில் பூவரசந்தடியோடு இடையராக நிற்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் சைவ வீட்டுப் பிள்ளைகளாக இருந்த ஒளிவிழாக்களை நான் பார்த்திருக்கிறேன். தங்கள் பிள்ளை இடையனாக நின்றதைப் பெற்றோர் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்களே தவிர, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அடுத்த வருடம் விழா முடிந்தபின் கேட்காமல், கார்த்திகை மாதத்திலேயே ஆசிரியையைச் சந்தியுங்கள். கிடுகும் வைக்கோலும் கொண்டுவந்து குடிலை நானே கட்டித் தருகிறேன் என்று சொல்லுங்கள். சினிமாப் பாட்டு ஒன்று குறைந்தால், பத்து நிமிட நாடகத்துக்கு நேரம் கிடைத்துவிடும்.

கேள்வி: நத்தார் தாத்தாவை முற்றாக விலக்கிவிட்டால் என்ன?
– வாசகர், இளவாலை

பதில்: தேவையில்லை. அவருக்குப் பின்னால் நிற்பவர் 4ஆம் நூற்றாண்டில் மீரா நகரத்தில், அதாவது இன்றைய துருக்கியில், ஆயராக இருந்த புனித நிக்கொலாஸ். அவருடைய திருநாள் டிசம்பர் 6. ஓர் ஆயரை விரட்டுவதற்கு நாம் யார்? அவர் முதலில் குடிலின் முன் முழந்தாளிட்டுவிட்டு, அதன் பின்னர் இனிப்பைக் கொடுக்கட்டும். (மாரி மழையில் வெள்ளம் நிற்கும் முற்றத்தில், பஞ்சுத் தாடியும் தடித்த சிவப்பு உடுப்புமாக வியர்த்துக்கொண்டு நிற்கும் அந்த மனிதருக்கு இனிப்பை விட ஒரு செம்பு தண்ணீர்தான் அவசரத் தேவை என்பது தனிக்கதை.)

கேள்வி: கடைகளில் ‘பண்டிகைக்கால வாழ்த்துகள்’ என்றே பதாகை கட்டுகிறார்கள். நத்தார் என்ற சொல்லை மறைக்கும் இந்தப் போக்குக்கு நாம் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டாமா?
– வாசகர், பாசையூர்

பதில்: பெரும்பாலும் அது மறைப்பல்ல, சிக்கனம்; ஒரே பதாகையில் நத்தாரையும் புதுவருடத்தையும் முடித்துவிடுகிறார்கள். கடைக்காரரிடம் தன்மையாகச் சொன்னால் மாற்றிவிடுவார். நத்தார் என்பது போர்த்துக்கேயரிடமிருந்து நம் வாயில் தங்கிவிட்ட சொல். அதன் பொருள் பிறப்பு. ஆகவே அந்தச் சொல் இருக்கும்வரை யாருடைய பிறப்பு என்ற கேள்வியும் கூடவே இருக்கும். அதனால் அது பதாகையில் இருப்பது நல்லதுதான்.

எதிர்ப்பு என்ற சொல்லைப் பாவிக்கும்போது மட்டும் சற்று நிதானியுங்கள். ஒல்லாந்தர் காலத்தில் இதே யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் நத்தாரை ஒளித்தே கொண்டாட வேண்டியிருந்தது. 1687இல் இங்கு மாறுவேடத்தில் வந்து, சில்லாலையில் தங்கிப் பணியாற்றியவர் கத்தோலிக்கக் குருவான புனித யோசப் வாஸ். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவுத் திருப்பலிக்காக வீடுகளில் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்துப் பிடித்துச் சென்றார்கள். இன்று நாம் ஒலிபெருக்கி போட்டுக் கரோல் பாடிக்கொண்டு வீதியால் போகிறோம், சைவ வீட்டாரும் படலையைத் திறந்து தேநீர் தருகிறார்கள். நம்மை எவரும் தடுக்காத இடத்தில், நாம் எதைக் காட்டுகிறோம் என்பதுதான் என் கவலை. நட்சத்திரக் கூடும் மின்விளக்கும் வாசலில் இருக்கின்றன. குடிலோ உள்ளறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகில் ஒதுங்கிக் கிடக்கிறது.

சென்ற வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டார் குடிலை விறாந்தையில் வீதியைப் பார்க்க வைத்து, தொட்டியை 24ஆந் திகதி நள்ளிரவு வரை வெறுமையாகவே விட்டிருந்தார்கள். அயல்வீட்டுச் சைவச் சிறுவன் ஒருவன் இரண்டு நாட்களாகப் படலையில் தொங்கிக்கொண்டு, “பிள்ளை எப்ப வரும்?” என்று கேட்டபடி இருந்தான். 25ஆந் திகதி விடிய, பல் விளக்காமலேயே ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனான்.