கனடாவில் கறுப்பினத்தவருக்கு எதிரான இனவெறியை மைனராக எடுத்தால் என்ன படிக்கணும்?

மைனர் தனிப் பட்டம் இல்லை. மேஜரோடு, அதாவது முதன்மைப் பாடத்தோடு, சேர்த்துப் படிக்கும் துணைப்பாடம். எத்தனை பாடங்கள் என்பது பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது. அறிமுகப் பாடம் கட்டாயம். மற்றவற்றை வரலாறு, சமூகவியல், சட்டம், இலக்கியத் துறைகளிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம்.

இனவெறி என்றால் திட்டுவதும் அடிப்பதும்தான் என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு வயோலா டெஸ்மண்ட் என்ற கறுப்பினப் பெண்ணின் வழக்கு நல்ல தொடக்கம். 1946இல் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் நியூ கிளாஸ்கோவில், தியேட்டரில் வெள்ளையர்களுக்கென்றே வைத்திருந்த கீழ்த்தள இருக்கையிலிருந்து எழ மறுத்ததற்காக அவரைக் கைது செய்தார்கள். வழக்கு எதற்குத் தெரியுமா? பால்கனி டிக்கெட்டுக்கும் கீழ்த்தள டிக்கெட்டுக்கும் இடையிலான 1 சென்ட் கேளிக்கை வரி பாக்கி! நிறத்தைப் பற்றி விசாரணையில் பேச்சே இல்லை. மன்னிப்பு வந்தது 2010இல், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து. சாதாரண வரிச் சட்டம் எப்படிப் பாகுபாட்டுக்குக் கருவியாகிறது என்பதுதான் இந்தப் படிப்பின் மையம். ஒன்டாரியோ மாகாணத்தில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைத்த கடைசிப் பள்ளி 1965இல்தான் மூடப்பட்டது என்பதையும் இதில் படிப்பீர்கள்.

சிக்கல் பெரும்பாலும் கடைசி வருடத்தில்தான் வரும். மேல்நிலைப் பாடங்கள் சில எல்லா வருடமும் நடப்பதில்லை; முன்தேவைப் பாடம் முடிக்காமல் சேரவும் முடியாது. ஒரே பாடத்தை மேஜருக்கும் மைனருக்கும் கணக்கு காட்டப் பல இடங்களில் வரம்பு உண்டு. அதனால் இரண்டாம் ஆண்டிலேயே கல்வி ஆலோசகரைப் பார்த்து மைனரைப் பதிவு செய்துவிடுங்கள்.