ஊருணிப் புறம்போக்கு வழக்கு: தள்ளுபடியாகி 45 நாள், இன்னும் மேல்முறையீடு செய்யலாமா?
உங்கள் வீட்டுப் பின்கட்டை ஊருணிப் புறம்போக்கு (ஊர்க் குளத்துக்கான அரசு நிலம்) என்று வருவாய்த்துறை அளந்ததை எதிர்த்து நீங்கள் போட்ட வழக்குதானே தள்ளுபடியானது? மேல்முறையீட்டுக் கெடு இன்னும் முடியாமல் இருக்கலாம். காரைக்குடி முன்சிப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து, அதற்கு மேலே உள்ள சார்பு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள். ஆனால் தீர்ப்பு நகலுக்கு மனு போட்டதிலிருந்து நகல் தயாராகும் வரையான நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். உங்கள் 45 நாளில் 20 நாள் நகலுக்கே போயிருந்தால், ஆனது 25 தான்.

நகலில் குத்திய முத்திரையைப் பாருங்கள், தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். மனு போடாமல் சும்மா இருந்த நாட்களும், கட்டணம் கட்ட நீங்கள் தாமதித்த நாட்களும் கழியாது. கெடு தாண்டியிருந்தால் காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவில் தாமத மன்னிப்பு மனுவும் (தாமதத்துக்குக் காரணம் சொல்லி ஏற்கக் கேட்கும் மனு) சேர்த்துப் போட வேண்டும்.

உங்கள் பின்கட்டை ஊருணிப் புறம்போக்கு என்று வருவாய்த்துறை அளந்தது சரியா என்பதையே கோர்ட் தொட்டிருக்காது என்று நினைக்கிறேன். அரசு மேல் வழக்குப் போடும்முன் 2 மாத நோட்டீஸ் (உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 80) கொடுத்தீர்களா? பலர் சறுக்குவது இங்கேதான்.

தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படியுங்கள்:

1. நோட்டீஸ் இல்லாததால் வழக்குரையை (நீங்கள் தாக்கல் செய்த வழக்கு மனுவை) நிராகரித்திருந்தால், நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் புதிதாகவே வழக்குப் போடலாம். காலவரம்பு மிச்சமிருந்தால் எனக்கு இதுதான் சுலபமாகப் படுகிறது.

2. நீங்கள் ஆஜராகாததால் தள்ளுபடி என்றால் மேல்முறையீடு கிடையாது. அதே கோர்ட்டில் வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மீட்பு மனு போட வேண்டும்; அதற்கும் 30 நாள்தான்.

அப்புறம் ஒன்று: வழக்கு நடந்தபோது இடைக்காலத் தடை வாங்கியிருந்தால், வழக்கு தள்ளுபடியானதோடு அதுவும் போய்விட்டது. மேல்முறையீடு போட்டாலே அது திரும்பி வராது, தனி மனுவில் கேட்க வேண்டும்.