கேளுங்கள், சொல்கிறோம்: மைதான வாசலில் விருந்து

கேள்வி: என் கணவருடன் வேலை பார்ப்பவர்கள் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து, அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரீன் பே நகரின் லாம்போ ஃபீல்ட் மைதானத்தில் பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறோம். ஆட்டம் நண்பகல் 12 மணிக்கு. அதற்கு முன் வாகன நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைத்து உண்ணும் டெயில்கேட் விருந்தின் சாப்பாட்டுப் பொறுப்பு எங்களிடம் வந்திருக்கிறது. பெரியவர்கள் 14 பேர், குழந்தைகள் 4 பேர். பெரியவர்களில் 5 பேர் சைவம். எதை, எவ்வளவு வாங்குவது?
— விஸ்கான்சின் வாசகி

பதில்: கடைப் பட்டியலை எழுதுவதற்கு முன் நேரக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடக்கும். வெளி உணவை மைதானத்துக்குள் கொண்டுபோக முடியாது என்பதால், மிஞ்சியதெல்லாம் அவ்வளவு நேரமும் காரில்தான் இருக்கும். கெடக்கூடிய உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. ஆகவே 11 மணிக்குள் உண்டு தீரும் அளவுக்கு மட்டும் வாங்குவதே சரி. “போதாமல் போய்விட்டால் என்ன செய்வது” என்று நம் வீடுகளில் இரண்டு பங்கு கூடுதலாகச் சமைக்கும் வழக்கத்தை அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள்.

விஸ்கான்சினில் இந்த விருந்தின் நாயகன் பிராட்வர்ஸ்ட் என்ற பன்றி இறைச்சி சாசேஜ்தான். அங்கே அதைப் பிராட் என்றே சொல்வார்கள். அசைவம் உண்ணும் பெரியவர்கள் 9 பேருக்குத் தலைக்கு இரண்டு, குழந்தைகளுக்கு ஒன்று எனப் பார்த்தால் 22 ஆகிறது. பச்சை பிராட் பெரும்பாலும் ஐந்து கொண்ட பாக்கெட்டாக வருவதால் 5 பாக்கெட் வாங்கினால் 25 கிடைக்கும். சைவர்களுக்குத் தாவரப் புரதத்தில் செய்த சாசேஜ் 8 போதும். பன் எட்டு கொண்ட பாக்கெட்டாகக் கிடைத்தால் 4 பாக்கெட், அதாவது 32. பன் இல்லாமல் மிஞ்சும் அந்த ஒரு பிராட், காலையிலிருந்து அடுப்படியில் நிற்பவருக்கு உரியது. விருந்தினரில் பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கோழி சாசேஜ் வாங்கினாலும் அதன் மேலுறை பன்றிக் குடலாக இருக்கக்கூடும் என்பதால், பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

இவற்றுக்குத் துணையாகக் கடுகு விழுது, நறுக்கிய வெங்காயம், சார்க்ராட் எனப்படும் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், கொறிக்கப் புதிய சீஸ் கர்ட்ஸ் என்ற சிறு சீஸ் கட்டிகள் ஆகியவை இருந்தால் போதும். புதிதாக இருந்தால் சீஸ் கர்ட்ஸ் கடிக்கும்போது கிறீச்சிடும். ஆட்டத்துக்கு முதல்நாள் வாங்குவது நல்லது. சைவர்களை வெறும் சிப்ஸோடு விட்டுவிடாமல், சோளக்கதிரைச் சுட்டு மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவிக் கொடுங்கள். அசைவர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். நம் ஊர்ப் பண்டம் ஒன்று வேண்டுமென்றால், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி அந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்தும்: தட்டு வேண்டாம், சூடு வேண்டாம், கையில் எடுத்துச் சாப்பிடலாம். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம். அது பயணம் தாங்காது.

ஐஸ் பெட்டி இரண்டு தேவை. பானங்கள் உள்ள பெட்டியை ஐந்து நிமிடத்துக்கொருவர் திறப்பார்கள், அந்தக் குளிர் நிலைக்காது. இறைச்சி இருக்கும் பெட்டியோ 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தாக வேண்டும். பச்சை இறைச்சியை இறுகக் கட்டி அடியில் வையுங்கள். சைவ சாசேஜையும் சீஸையும் பானங்களுடன் வைத்துவிட்டால் பச்சை இறைச்சியின் நீர் அவற்றில் படும் கவலை இல்லை. தண்ணீர் பாட்டில்கள் சிலவற்றை முந்தைய நாள் உறையவைத்து எடுத்துப் போனால், ஐஸ் வாங்கும் செலவும் குறையும், உருகியபின் குடிக்கவும் ஆகும். சைவத்துக்கெனத் தனி இடுக்கியும், கிரில்லின் ஒரு பக்கத்தில் அலுமினியத் தாள் விரித்த தனி இடமும் ஒதுக்குங்கள்.

நிறுத்துமிடம் திறக்கும் நேரத்தை மைதானத்தின் இணையதளத்தில் உறுதிசெய்துகொண்டு, 9 மணிக்குள் அடுப்பை மூட்டிவிடுங்கள். கேஸ் கிரில்லே என் பரிந்துரை. கரியின் மணம் தனிதான், மறுக்கவில்லை. ஆனால் கரி சாம்பல் பூக்க அரை மணி நேரம் ஆகும், ஆட்டம் தொடங்கும் வேளையில் ஆறாத கனலை எங்கே கொட்டுவது என்ற தொல்லையும் சேரும். 10 மணிக்குப் பரிமாறி, 11 மணிக்கு மூட்டை கட்டினால், பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க நேரம் கிடைக்கும். உள்ளே எடுத்துச்செல்லும் பை, உள்ளிருப்பது தெரியும் கண்ணாடிப் பையாக இருக்க வேண்டும் என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: மைதானத்தில் நேரம் மிச்சப்படுத்த, பிராட்டை முந்தைய இரவே அரைவேக்காடாக வேகவைத்து, காலையில் கிரில்லில் வாட்டினால் ஆகாதா?
— அதே வாசகி

பதில்: ஆகாது. அரைவேக்காட்டு இறைச்சியில் கிருமிகள் சாவதில்லை. அதை ஆறவைத்து எடுத்துச்செல்வது அவை பெருக வழிசெய்வதாகும். ஒன்று, வீட்டிலேயே முழுதாக வேகவைத்து உடனே குளிரவைத்து, அங்கே நன்கு சூடாக்குங்கள். அல்லது எல்லாவற்றையும் அங்கேயே செய்யுங்கள். இரண்டாவதே ருசி. ஆழமான அலுமினியத் தட்டில் வெங்காயம், வெண்ணெய் சேர்த்து பிராட் மூழ்கும் அளவு திரவம் ஊற்றி, கிரில்லின் மேலேயே மெதுவாகக் கொதிக்கவிட்டு, பிறகு எடுத்துத் தணலில் சிவக்க வாட்டுவதே விஸ்கான்சின் முறை. அவர்கள் ஊற்றுவது பீர். வேண்டாதவர்கள் காய்கறி வேகவைத்த நீரை ஊற்றலாம். கண்ணளவை நம்பாமல் ஒரு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். பச்சைப் பன்றி சாசேஜின் நடுப்பகுதி 160 டிகிரி ஃபாரன்ஹீட்டையும், கோழி சாசேஜ் 165 டிகிரியையும் எட்ட வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு டிசம்பர் மாத ஆட்டத்துக்குத்தான் டிக்கெட் கிடைத்திருக்கிறது. இதே பட்டியல் செல்லுமா?
— மில்வாக்கி வாசகர்

பதில்: பாதி செல்லும். 1967 டிசம்பர் 31 அன்று அதே மைதானத்தில், உறைநிலைக்கு வெகு கீழே, ஏறத்தாழ மைனஸ் 13 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டம் நடந்தது. எல்லா ஆண்டும் அவ்வளவு மோசமில்லை என்றாலும், தயாராகவே போங்கள். அங்கே ஐஸ் பெட்டி குளிரவைக்க அல்ல, பானங்கள் உறைந்து வெடிக்காமல் காக்கவே பயன்படும். அதில் ஐஸ் போட வேண்டாம். கையுறையைக் கழற்றிப் பன்னில் அடுக்கிச் சாப்பிடும் பண்டங்களைக் குறைத்து, கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிய ஃபிளாஸ்க்கில் சில்லி என்ற அமெரிக்கக் காரக் குழம்பு, ரசம் போன்றவற்றைக் கொண்டுபோய்க் கப்பில் ஊற்றிக் கொடுங்கள். கடுங்குளிரில் கேஸ் சிலிண்டரின் அழுத்தம் குறைந்து சுடர் தணியும் என்பதால், நிறைந்த சிலிண்டரை எடுத்துக்கொண்டு, வழக்கத்தைவிட அரை மணி முன்னதாக மூட்டுங்கள். காற்றுக்குப் பயந்து எந்த அடுப்பையும் கூடாரத்துக்குள்ளோ காரின் பின்பகுதிக்குள்ளோ நகர்த்தவே கூடாது. மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு அங்கே தேங்கி உயிரையே எடுத்துவிடும்.