ஆபரேஷன் செய்தது மாணவரா? முன்பே சொல்லியிருக்க வேண்டும்

கேள்வி: எங்கள் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் இரண்டு முன்னங்கால்களிலும் முடி மழித்திருந்தது. தையல் பிரிக்கப் போன அன்றுதான், ஆபரேஷனைச் செய்தவர் ஒரு மாணவர் என்று தெரிந்தது. எங்களிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

பதில்: கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

இரண்டு காலிலும் மழித்திருப்பதை மட்டும் வைத்துத் தவறு நடந்ததாக முடிவுகட்ட வேண்டாம். ஊசி போட முதல் காலில் ரத்தக்குழாய் கிடைக்காமல் போயிருக்கலாம். ரத்தம் எடுப்பதற்காகவும் மழித்திருக்கலாம். கைதேர்ந்தவர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு. ஆனால் மாணவர் கத்தி பிடித்தால் ஒன்று நிச்சயம் மாறும்: நேரம். அனுபவசாலி அரை மணி நேரத்தில் முடிப்பதற்கு மாணவருக்கு 1 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை நாய் மயக்கத்திலேயே கிடக்கும், உடல் சூடும் இறங்கிக்கொண்டே போகும். பக்கத்தில் தேர்ந்த மருத்துவர் நின்று கவனித்தால் இதைச் சமாளிக்கலாம். ஆனாலும் அந்தக் கூடுதல் நேரத்துக்குச் சம்மதிக்க வேண்டியவர் நீங்கள்தான். நாயால் வாய் திறந்து சொல்ல முடியாதே.

ஒப்புதல் படிவத்தில் 'மாணவர்களும் பங்கேற்கலாம்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கலாம். கவலையோடு நிற்பவரிடம் கையெழுத்து வாங்குவதும், விஷயத்தை எடுத்துச் சொல்வதும் ஒன்றல்ல. "இவர் இறுதியாண்டு மாணவர், இவர்தான் செய்வார், நான் கூடவே இருப்பேன்" என்று முகம் பார்த்துச் சொல்ல 1 நிமிடம் போதும். நான் அப்படிக் கேட்டபோது மறுத்தவர்கள் மிகக் குறைவு. மறுத்தாலும் அது அவர்கள் உரிமை. சிகிச்சையின் தரத்தை அதற்காகக் குறைக்கக் கூடாது.

இனி எங்கே போனாலும் சேர்க்கும்போதே கேளுங்கள்: வெட்டுவதும் தைப்பதும் யார், மயக்கத்தைக் கவனிப்பது யார், சிக்கல் வந்தால் உடனே கை கொடுக்க மருத்துவர் அதே அறையில் இருப்பாரா? "பக்கத்து அறையில் இருப்பார்" என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன். மாணவர் பரிசோதிக்கலாம், ஆபரேஷன் வேண்டாம் என்று நினைத்தால் அதைப் படிவத்திலேயே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

நடந்து முடிந்ததைப் பொறுத்தவரை, ஆபரேஷன் குறிப்பையும் மயக்க மருந்துப் பதிவையும் கேளுங்கள். யார் செய்தார், எவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் அவற்றில் இருக்க வேண்டும். தையல் போட்ட இடம் வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, பதிவுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.