யாரும் பிளாஸ்டிக் எரிக்காத மெயின் ரோட்டுக் காற்றில் மைக்ரோபிளாஸ்டிக், அதாவது மிகச் சின்ன பிளாஸ்டிக் துகள், எப்படி வருகிறது?

முக்கியமாக டயரிலிருந்துதான். டயர் என்றால் மரத்துப் பாலில் செய்த ரப்பர் என்று நினைக்கிறோம், ஆனால் அதில் பிளாஸ்டிக் போலவே பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பரும் நிறையச் சேர்கிறது, சிக்னலில் பிரேக் பிடிக்கும்போதும் சட்டென்று கிளம்பும்போதும் டயர் தேய்ந்து பொடியாகிறது, அந்தப் பொடியும் மைக்ரோபிளாஸ்டிக் கணக்கில்தான் வரும். பெரிய துகள் ரோட்டோர மண்ணில் படியும். 10 மைக்ரானுக்கும் குறைவானது, அதாவது தலைமுடித் தடிமனில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கும் சின்னது, காற்றில் மிதந்து மூச்சோடு உள்ளே போகும். படிந்ததையும் அடுத்து வரும் பஸ் கிளப்பிவிடும்.

ரோட்டைப் பார்த்த ஜன்னல் கம்பியை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், கறுப்பாக ஒட்டுவதில் புகைக்கரியோடு இதுவும் இருக்கும். அப்புறம், மின்சார வண்டி வந்தால் புகை போகும், டயர் தேய்வது போகாது, பேட்டரி எடையால் கூடவும் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஏற்ற யூரோ 7 என்ற வாகன மாசு விதிகள் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு வைக்கின்றன.