கிராமத்து வீட்டு ஜன்னலைச் சுத்தம் செய்ய ஆள் வைக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

"கிராமத்தில் உள்ள வீட்டு ஜன்னல்களைச் சுத்தம் செய்யக் கூலிக்கு ஆள் வைத்தால் எந்த அளவு தரத்தை எதிர்பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு, ஊரில் பெற்றோர் வசிக்கும் வீட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என் நிலையும் அதுவாகத்தான் இருந்தது.

எங்கள் வீடு பள்ளிகொண்டாவுக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. மர ஜன்னல்களை எடுத்துவிட்டு அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் வைத்தால் துடைப்பது எளிது என்று மேஸ்திரி சொன்னதை நம்பினேன். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம் வேலூரிலிருந்து இருவரை வரவழைத்தேன். மே மாதம், உச்சி வெயில். அவர்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்புத் தூளைக் கரைத்து, சூடேறியிருந்த கண்ணாடியின் மீது ஊற்றித் தேய்த்தார்கள். தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்து, முன்பு வெறும் தூசியாக இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் படிந்துவிட்டன. அதைப் போக்க, கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை எடுத்தார்கள். திட்டு போனது; கூடவே அலுமினியச் சட்டத்தின் பளபளப்பும் போனது. கீழே பதித்திருந்த கடப்பைக் கல் சுண்ணாம்புப் பாறை என்பதால், ஆசிட் சொட்டிய இடமெல்லாம் இன்றும் வெளிறித் தெரிகிறது. நிச்சயதார்த்தப் புகைப்படங்களில்கூட அது பதிந்திருக்கிறது.

உழைப்பாளிகளைக் குறை கூறுகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல், கூலியை மட்டும் பேரம் பேசியவன் நான்தான்.

பிறகு ஆர்.ஓ. இயந்திரம் பொருத்த வந்தவர் எங்கள் போர் தண்ணீரில் கருவியை முக்கிக் காட்டியபோது, கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 1,600 மில்லிகிராம் என்று வந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு ஏற்ற அளவு 500. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. அதாவது, குடிக்கலாம் என்று விடப்பட்ட தண்ணீரே கண்ணாடியில் காய்ந்தால் உப்புப் படிவத்தை விட்டுச் செல்லும். ஆகவே, வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாக அலசுவதற்கு எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவார் என்பதுதான். பிடித்து வைத்த மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஒரு ஜன்னலுக்கு அரை வாளி இருந்தால் போதும். அலசியவுடன் ரப்பர் பட்டை வைத்த வைப்பரால் மேலிருந்து கீழாக வழித்துவிட வேண்டும், காயவிடுவதே தவறு. வேலையைக் காலை ஒன்பது மணிக்குள்ளாகவோ, வெயில் சாய்ந்த பிறகோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நல்ல வேலைக்காரர் கண்ணாடியைக் கடைசியில்தான் தொடுவார். கொசுவலையைக் கழற்றித் தனியே அலசி, கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, குளவிக் கூட்டைச் சுரண்டாமல் நனைத்து ஊறவைத்து எடுத்து, ஸ்லைடிங் ஜன்னல் நகரும் ட்ராக்கில் அடைந்திருக்கும் மண்ணைப் பழைய பல்துலக்கியால் வெளியேற்றிய பிறகே கண்ணாடிக்கு வருவார். அந்த ட்ராக்கின் வெளிப்புறத்தில் நீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். அவை அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழையில் தண்ணீர் வெளியே போக வழியின்றிக் கூடத்துக்குள் வரும். எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகள் கதவின் மீது பழி போட்டோம். காரணம் அந்தத் துளைகள்.

விறகடுப்பு உள்ள சமையலறை ஜன்னலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்பதால் அதற்குச் சோப்பும் வெந்நீரும் தேவைப்படும். அதற்குக் கூடுதல் கூலி கேட்டால் நியாயமே. பழைய உப்புத் திட்டுகளுக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்துப் பத்து நிமிடம் ஒற்றி வைத்தால் பெரும்பாலும் கரையும். வினிகரும் அமிலம்தான், கடப்பை, மார்பிள் கற்களின் மீது சொட்டாமல் கீழே துணி விரிக்க வேண்டும். பல ஆண்டுகளாகப் படிந்து கண்ணாடியையே அரித்துவிட்ட திட்டு எதற்கும் போகாது. அதையும் போக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறவரை நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

கூலியை வீட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாமல் ஜன்னல் கணக்கில் பேசுங்கள். முதல் ஜன்னலை முடித்ததும், அது நன்கு காய்ந்த பிறகு வெளிச்சத்துக்கு எதிரே சாய்வாகப் பார்க்கும்படி அம்மாவிடம் சொல்லி வையுங்கள். ஈரமாக இருக்கும்போது எல்லாக் கண்ணாடியும் சுத்தமாகத்தான் தெரியும்.